ஊக்கால் குத்திய மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

மாவு பொங்கி வழிந்து அடுப்படியெல்லாம் ஒரே புளிப்பு. துடைத்துவிட்டு மருமகள் காளீஸ்வரியோடு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் போன வாரமே எடுத்தாயிற்று. இன்று முடிவு சொல்லும் நாள். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, கிருமியும் இல்லை என்றார். பிறகு எதற்கு இந்த வயிற்றுப் பிடிப்பு, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஓட்டம் என்று நான்தான் கேட்டேன். சிலருக்குக் குடல் சட்டென்று கோபித்துக்கொள்ளுமாம். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கோபம், மனசு பதறினாலும் கோபம். அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயராம். “போலீஸ் உத்தியோகம்ல அது” என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

மாத்திரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போதே காளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அதனால் எல்லாம் என்னிடம்தான் சொன்னார். பெப்பர்மிண்ட் எண்ணெயை உள்ளே விட்டு அடைத்த மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால், வேளைக்கு ஒன்று. மலத்தில் ரத்தம் போனாலோ, உடம்பு இளைத்தாலோ உடனே வரணும். இன்னும் வழக்கமாகச் சொல்கிறதையெல்லாம் சொன்னார்.

“எழுதிக் குடுக்கட்டுமாம்மா?”

“நான் அஞ்சாங்கிளாஸ்தான். ஆனா தெனமும் டைரி எழுதுறவ. எனக்கு எதுக்கு எழுதித் தரணும்?” என்றேன்.

காளி ஈர முகத்தோடு வந்தாள். “என்ன சொன்னாங்கத்தே?”

“எல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டாக. நான் பாத்துக்கிடுதேன், வா.”

ஜூன் 4, புதன்

காளி கண்டக்டர். அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் போகிற வண்டி. என் மகன் குருசாமி அதே டிப்போவில் டிரைவராக இருந்தவன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் இடத்துக்கு இவளுக்குக் கிடைத்த வேலை இது. இவளும் பேத்தி பிரதீக்ஷாவும் நானும் இதில்தான் சாப்பிடுகிறோம். (பேத்தி பெயரை எழுத இன்னமும் அவள் நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரதி என்றே எழுதப்போகிறேன்.)

பஸ்ஸில் நின்றுகொண்டு வயிற்றை எப்படி அடக்குவாள்? வழியில் பெண்பிள்ளை ஒதுங்க இடம் ஏது? ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். எனக்கே மூன்று மாதம் முன்புதான் தெரியும்.

காலை நாலேமுக்காலுக்கு முதல் மாத்திரை. என் மருந்து உரசும் கல்லைக் கழுவி எடுத்துவைத்தேன். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இந்தக் கல்லைத் தேடித்தான் வருவார்கள். எந்த மாத்திரையானாலும் நைசாக உரசித் தேனில் குழைத்து, கசப்பு தெரியாமல் நாக்கில் தடவிவிடுவேன். இந்த வீட்டில் யாரும் மாத்திரையை முழுசாக முழுங்கியதில்லை. இனியும் கிடையாது.

இந்த மாத்திரை கல்லில் உரச வரவில்லை. வழுக்கி வழுக்கி ஓடியது. ஊக்கை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன். பிதுக்கினால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. தேனில் கலந்தேன். வீடே மிட்டாய்க் கடை மாதிரி மணத்தது. காளி வாங்கி விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னத்தே, இப்பிடி எரியுது?”

“எரிஞ்சாத்தான் மருந்து” என்றேன்.

கல்யாணமாகி வந்த மறு வாரமே இவளுக்குக் காய்ச்சல். அன்று உரசிக் கொடுத்ததை ஒரு வார்த்தை பேசாமல் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. அதை இன்னும் அவளிடம் சொன்னதில்லை.

ஜூன் 6, வெள்ளி

மத்தியான மாத்திரைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எவர்சில்வர் சிமிழ் ஒன்றில் தேனும் எண்ணெயும் காலையிலேயே கலந்து, பையில் வைத்து அனுப்புகிறேன். வேறு எந்த வீட்டில் மாமியார் இப்படிச் செய்வாள்?

பிரதி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பத்தா, இதுல என்னமோ போட்டுருக்கு, முழு...”

“இங்கிலீஷ்ல ஆயிரம் போடுவான். ஒம் பாடத்தப் படி.”

வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

காளிக்கு நெஞ்சு எரிகிறதாம். ஏப்பம் விட்டால் தொண்டை வரை பெப்பர்மிண்ட் எரிகிறதாம். நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்து பாட்டிலில் பாதி இருந்தது. எனக்கு வாங்கியது. மாத்திரை கொடுத்த கையோடு அதிலும் இரண்டு மூடி கொடுத்தேன். எரிவதை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டம் குறையவில்லை. பஸ் ஸ்டாண்டு வடையை நிறுத்து என்று சத்தம் போட்டேன். “வட தின்னு மூணு வாரமாச்சுத்தே” என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

துணி ஊறவைத்தேன். மழை வருவது மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பந்தல்குடி விலக்கில் வண்டி நின்றதும் காளி பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி ஓடியிருக்கிறாள். ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் பின்னால் கக்கூஸ் இருக்கிறதாம். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து, போய்த் திரும்பி வரப் பதினெட்டு நிமிஷம். வண்டி நிறைய ஆள். வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஒருத்தர் டிப்போவுக்குப் போன் போட்டுவிட்டார். இவள் படியேறும்போது ஒரு அம்மா சொன்னாளாம்: “ஒடம்பு முடியலன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதான? எதுக்கு இந்தப் பொழப்பு?”

அந்த அம்மாவுக்கும் டிக்கெட் கொடுத்தாளாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் இருளாண்டி சொல்லித்தான் தெரியும். அவன் அந்த வண்டி டிரைவர், குருசாமியோடு வேலை பார்த்தவன். சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டே சொன்னான்.

“டயர்ல காத்து கம்மி, பாத்துட்டு இருந்தேன்னு டிப்போல சொல்லிட்டேம்மா. நம்பல. தங்கச்சிக்கு மெமோ, எனக்கும் ஒண்ணு. சோடி போட்டுக் குடுத்துட்டான்.” சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். “அது என்னம்மா மருந்து? வண்டிக்குள்ள ஒரே தைல வாசன. தலவலிக்காரனெல்லாம் எங்க பஸ்ஸத் தேடி வாரான்.”

“எங் கைமருந்து” என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

காளி டூட்டியில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பிட்டால்தானே ஓட வேண்டும் என்கிறாள். காலையில் கட்டிக் கொடுத்த இட்லி அப்படியே திரும்பி வருகிறது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. ஊக்குப் போட்டுப் பிடித்திருக்கிறாள். என்னிடம்தான் ஊக்குக் கேட்டாள். நான் மாத்திரை குத்துகிற ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு மெமோ வந்தால் ரூட்டை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சாம்.

ஆனி கடைசி வெள்ளி வருகிறது. பால் சொல்லிவைக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மாவிடம் போனோம். எடை பார்த்தார். மூன்று கிலோ குறைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“நெஞ்செரிச்சல் எப்பருந்து?”

“மாத்திர ஆரம்பிச்சதிலருந்துங்க” என்றாள் காளி.

“மாத்திரைய எப்பிடிம்மா சாப்பிடுறீங்க?”

காளி என்னைப் பார்த்தாள். “அத்தைதான் குடுப்பாங்க.”

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். “சொன்ன மாதிரிதான் குடுக்கிறீங்களாம்மா?”

“சொன்னபடிதான்” என்றேன்.

சொன்னபடி கொடுத்தும் இவ்வளவு எரிகிறது, கேட்கவும் இல்லை, எடையும் குறைகிறது என்றால், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்துவிடலாம் என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் அந்த மாத்திரை வேண்டாம் என்றார்.

காளி முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “தொண்டக்குள்ள கொழாயா?” என்றாள். அவ்வளவுதான்.

ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 18, புதன்

இந்த டைரியில் ஒரு பக்கமும் கிழித்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். இன்று காலை எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மெடிக்கல் கடைக்குப் போனேன். இந்த மருந்தே தண்ணியாக, டானிக்காகக் கிடைக்குமா, காரமில்லாமல் இருந்தால் தேவலை என்று கேட்க. கடையில் இருக்கிற பெண் கெட்டிக்காரி, மருந்துக்குப் படித்தவள்.

“இது டானிக்கா வராது பாட்டி. எதுக்குக் கேக்குறீங்க? முழுங்க முடியலையா?”

“எங்க வீட்ல முழுங்க மாட்டோம். குத்தி, எண்ணெய எடுத்துத் தேன்ல...”

அவள் கையிலிருந்த சீட்டை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

ஒரு மாத்திரையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். “மேல பளபளன்னு இருக்கு பாருங்க, அதான் பாட்டி விஷயமே. இந்த உறை இரைப்பையில கரையாது. அதைத் தாண்டிக் குடலுக்குப் போயித்தான் தெறக்கும். அங்கதான் பிடிப்பு, அங்கதான் எண்ணெய் வேணும். நீங்க முன்னாடியே ஒடச்சுட்டா எண்ணெய் தொண்டையிலயும் நெஞ்சுலயும் எரியும். போக வேண்டிய எடத்துக்குச் சரியாப் போய்ச் சேராது.”

நான் ரோஸ் கலர் மருந்தைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

“அதையும் கூடவே குடுத்தீங்களா? அது இரைப்பையோட புளிப்ப மாத்திரும். முழுசா முழுங்குனாக்கூட உறை மேலயே கரஞ்சுரும். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். டாக்டர் சொல்லலையா?”

டாக்டரம்மா சொன்னார். ஜூன் மூன்றாம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். “கடிக்கக் கூடாது, ஒடைக்கக் கூடாது, முழுசா தண்ணியில முழுங்கணும். நெஞ்சு எரிஞ்சா எங்கிட்ட வாங்க, நீங்களா மருந்து குடுக்காதீங்க” என்று சொன்னார். எனக்கு நன்றாகக் காது கேட்கும். உலகத்துக்குச் சொல்வதைச் சொல்கிறார், என் வீட்டு வழக்கம் இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஜூன் 21, சனி

சொல்லவில்லை. அவளுக்கு மதியம் டூட்டி.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிரதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “என்னத்தே?” என்றாள். “சீப்புல முடி கெடக்கு, எடுத்துப் போடு” என்றேன்.

ஜூன் 23, திங்கள்

வெயில்.

ஜூன் 24, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரி பேரனுக்கு மாத்திரை உரசக் கேட்டு வந்தாள். கல் உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். கல் அரிசிப் பானைக்குப் பின்னால் நன்றாகத்தான் இருக்கிறது.

எழுபது வயசுக்கு மேல் பொய் சுலபமாக வருகிறது.

ஜூன் 26, வியாழன்

காலையில் குருசாமி படத்தைத் துடைத்தேன். பின்னால் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. காளியின் கையெழுத்து. உடல்நிலை காரணமாகக் கண்டக்டர் வேலையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறாள். தேதி போட இடம் விட்டிருந்தது. தன் புருஷன் அந்த டிப்போவில் எத்தனை வருஷம் வண்டி ஓட்டினான் என்பதைக்கூட எழுதியிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி எழுதிப் பார்த்துத்தான் இப்படி எழுத முடியும்.

நான் தமிழ் வாசிப்பேன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை. இன்றைக்கு வாசிக்கத் தெரியாதவளாக இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிரதி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். காளி மூன்று மணிக்கு வந்தாள். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சோறு வேண்டாம் என்றாள். நாளைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும், இன்றே பட்டினி கிடந்தால் என்ன என்றாள்.

“காளி, உக்காரு.”

“என்னத்தே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று பயம். மாத்திரையை முழுசாக முழுங்கச் சொன்னது, நான் ஊக்கால் குத்தியது, ரோஸ் கலர் மருந்து, மெடிக்கல் கடைப் பெண் சொன்னது. கடைசியில் டாக்டரம்மாவிடம் ‘சொன்னபடிதான்’ என்று சொன்னது. அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

“அந்தப் பதினெட்டு நிமிசமும் என்னாலதான்” என்றேன். “ஒன்னய அந்தப் பொம்பள பேசுன பேச்சும் என்னாலதான்.”

காளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“வெள்ளிக்கெழம.”

“வெள்ளி, சனி, ஞாயிறு...” விரலை மடித்தாள். “ஆறு நாளு. ஆறு நாளா நான் அந்தக் கொழாய நெனச்சே தூங்கலத்தே. பக்கத்துலதான படுத்திருக்கீக.”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். கோபத்தில் அவள் குரல் கீழே போகும் என்பது இவ்வளவு வருஷத்தில் எனக்கு இன்றுதான் தெரியும்.

“எனக்கு மாத்திர முழுங்கத் தெரியும்.”

“என்ன?”

“நல்லாத் தெரியும். எங்கம்மா வீட்ல பச்சத் தண்ணியில ரெண்டு ரெண்டா முழுங்குவேன். கல்யாணமாகி வந்து காய்ச்சல்ல கெடந்தேன்ல, அன்னைக்கு மாத்திரைய வாய்ல போடப் போனேன். அவுக கையப் பிடிச்சுட்டாக. அம்மா முன்னால முழு மாத்திரைய வாயில போடாத, அவ உரசித் தருவா, வாங்கிக்கன்னாக. ஏன்னு கேட்டேன். அவுக அக்காவப் பத்திச் சொன்னாக.”

உட்கார்ந்துவிட்டேன்.

“பதினாறு வருசமா கசப்ப நக்கிருக்கேன்” என்றாள் காளி. “ஒவ்வொரு தடவையும் நான் வாங்குனதும் ஒங்க மூஞ்சில ஒரு நிம்மதி வரும். அதுக்காகத்தான். இந்த மாத்திரையும் அப்பிடித்தான்னு நெனச்சேன். முழுசா முழுங்கணும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, கொல்லப்பக்கம் போயி முழுங்கிட்டு வந்துருப்பேன்ல? ஒங்களுக்குத் தெரியவே தெரியாதுல்ல?”

அழுதாள். நானும் அழுதிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. ‘அக்காவப் பத்தி’ என்றது காதிலேயே நின்றது. குருசாமியிடம் அதை நான் சொன்னதே இல்லை. அவன் அப்பாதான் சொல்லியிருப்பார். எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் நாக்கை நீட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். காளி சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அன்னைக்கே சொல்லிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா” என்றார். திட்டியிருந்தால் மேல். காளியிடம் தனியாக ரொம்ப நேரம் கேட்டார். சாப்பிடப் பயந்து சாப்பிடாமல் இருந்ததையும் சொன்னாளாம். இன்றைக்குக் குழாய் வேண்டாம் என்று முடிவு செய்தார். முதலில் நெஞ்செரிச்சல் அடங்கட்டும். ஒரு வாரம் போன பிறகு மாத்திரையை முறைப்படி ஆரம்பிக்கலாம். முழுசாக, தண்ணீரில், சாப்பாட்டுக்கு முன்னால். பயப்படாமல் வேளைக்குச் சாப்பிடணும். மறுபடி எரிந்தால் நிறுத்திவிட்டு வரணும். எடை இன்னும் இறங்கினால் அப்போது குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும், தள்ளிப்போட முடியாது என்றார்.

இந்த முறை தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். காளி கையில் கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று காலை மாத்திரை.

காளி டம்ளரில் தண்ணீரோடு குழாயடிக்குப் போகப் பார்த்தாள், எனக்குத் தெரியாமல் முழுங்க. “இங்கயே முழுங்கு” என்றேன். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். காலண்டரில் இருந்த தேதியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்.

“போயிருச்சுத்தே.”

திரும்பினேன். நின்றுகொண்டுதான் இருந்தாள். மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

இட்லி டப்பா காலியாக வந்தது. கழுவும்போது ஓரத்தில் சட்னி ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரதி, “என்ன அப்பத்தா, டப்பாவப் பாத்துச் சிரிக்கிற?” என்றாள்.

இருளாண்டி வந்தான். வண்டியில் தைல வாசனை போய்விட்டது, தலைவலிக்காரர்கள் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள் என்றான். அவனுக்கு வந்த மெமோ வந்ததுதான், அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? காபி போட்டுக் கொடுத்தேன். என்னால்தான் என்று சொன்னேன். “தெரியும்மா, தங்கச்சி சொல்லுச்சு. சீனி கொஞ்சம் போடுங்க” என்றான்.

ஜூலை 11, வெள்ளி

ஆனி கடைசி வெள்ளி.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளின் பக்கத்தில் ‘பால் வைத்தேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். யாருக்கு என்று எழுதியதில்லை. பிரதி கேட்டால் சாமிக்கு என்பேன். இந்த வருஷம் எழுதுகிறேன்.

என் மூத்த பிள்ளை மாரித்தாய்க்கு நாலு வயசு. குருசாமி அப்போது பிறக்கவில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். பாதி பாதியாக உடைத்துக் கொடும்மா, தண்ணியில் கரைத்துக் கொடு என்று அந்த நர்ஸ் சொன்னாள். எனக்குத் தறி வேலைக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டது. நான் மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்ததும் முழுசாகப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். அது தொண்டையில் அடைத்துக்கொண்டது, பிள்ளை பிழைக்கவில்லை.

அன்றைக்கு உடைக்கச் சொன்னதை உடைக்கவில்லை. இப்போது உடைக்காதே என்றதை உடைத்தேன். இரண்டு தடவையும் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். இரண்டு தடவையும் எனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

காளிக்கு ஓட்டம் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறையாகக் குறைந்திருக்கிறது. எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது. முழுசாகப் போகாது, வரும் போகும், மாத்திரையும் எப்போதும் சாப்பிடுவதில்லை, இடையில் நிறுத்திப் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்னாராம். ரூட்டை இன்னும் எடுக்கவில்லை. குருசாமி படத்துக்குப் பின்னால் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. கிழித்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவள் தாள்.

என்னிடம் முன்போல் பேசுகிறாள் என்று எழுத ஆசை. முக்கால்வாசி பேசுகிறாள். அந்த ஆறு நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

காலை நாலேமுக்காலுக்குப் பாலைக் காய்ச்சிச் சாமி படத்தின் முன் வைத்தேன். காளி பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. இன்னொரு டம்ளரில் தண்ணீர் மொண்டு என் எதிரே வந்து நின்றாள். இன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மாத்திரையை நாக்கில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். கழுத்து ஒரு முறை ஏறி இறங்கியது.

பிறகு என் பக்கம் குனிந்து வாயைப் பெரிசாகத் திறந்தாள். “ஆ” என்றாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள், இந்தப் பக்கக் கன்னம், அந்தப் பக்கக் கன்னம்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லைட்டுக்கு நேராக அவள் முகத்தைத் திருப்பி, நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“சரி, போ. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.